அடக்கவிலை

மார்ச் 2

லாரி ஆபீஸில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இரண்டு மாதமாகக் கல்லாப்பெட்டி மேல் தூசி தின்று கிடந்தது. இன்று அதற்கு வேலை வந்துவிட்டது.

என் தொழில் எலுமிச்சை. புளியங்குடி மார்க்கெட்டில் கமிஷன் கடை. விவசாயி காயைக் கொண்டு வருவார், நான் ஏலம் போட்டு விற்றுக் கொடுப்பேன், நூற்றுக்கு எட்டு ரூபாய் எனக்கு. இதுவரை நான் எழுதியதெல்லாம் விற்பனைச் சீட்டுதான். கதை எழுதிப் பழக்கமில்லை.

என் மகள் பிரியதர்சினி, வீட்டில் தர்சி, புனே பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள். பொருளாதாரமும் புள்ளியியலும் படிக்க வேண்டுமாம். நாலு வருஷம். ஜனவரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஒன்றும் புரியவில்லை, ஆனால் எதிராளியை இரண்டு தடவை சிரிக்க வைத்தாள். பேரம் படியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இப்போது நிதி உதவி என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நாளை முதல் அவளுக்குப் பொதுப் பரீட்சை. நீ படி, இதை நான் பார்த்துக்கிடுதேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன்.

மார்ச் 4

படிவம் போயாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் நல்ல கூட்டம். ஆதார் திருத்த வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். எங்கள் எதிர்க்கடை மைதீன்பிச்சை பாயின் கணக்கப்பிள்ளையும் எனக்குப் பின்னால் நின்றார்.

சென்டர் பெண் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லச் சொல்ல நான் பதில் சொன்னேன். குடும்பத்தின் ஆண்டு வருமானம் என்ற இடத்தில் தொழிலில் எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதையே அடிக்கட்டுமா அண்ணாச்சி?" என்றாள். அடிம்மா என்றேன். எனக்குக் கொஞ்சம் கனத்த குரல். வரிசை முழுக்கக் கேட்டிருக்கும்.

எலுமிச்சை கிலோ நூற்றுப் பத்து. வெயிலுக்கு இன்னும் ஏறும்.

ஏப்ரல் 5

கிடைத்துவிட்டது. என் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது.

காலையில் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது ஓடி வந்தாள். வீட்டிலிருந்து மார்க்கெட் வரை, செருப்புக்கூட ஜோடி சேராமல். நான் காய் மூட்டை மேல் நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா என்று ஒரு சொல்தான் சொன்னாள். அந்த ஏலத்தில் நான் எந்த விலைக்கு விட்டேன் என்று இப்போதும் ஞாபகமில்லை. சீட்டைப் பார்த்தால் கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் குறைவாக விட்டிருக்கிறேன். புனலூர் வியாபாரி ஒருவர் வாங்கியிருக்கிறார். நல்லா இருக்கட்டும்.

நிதி உதவி எவ்வளவு என்று மூன்று நாளில் தனியாகச் சொல்வார்களாம்.

ஏப்ரல் 6

இன்று மார்க்கெட் லீவு. தர்சி எனக்கு அவர்களுடைய பாஷையைச் சொல்லித் தந்தாள். நான் மண்டிப் பாஷையில் வாங்கிக்கொண்டேன். மறக்காமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன்.

காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ்: இது வெறும் பாடத்துக்கான கட்டணம் இல்லை. தங்குவது, சாப்பாடு, புத்தகம், ரயில் எல்லாம் கூட்டிய தொகை. வருஷம் பதினோரு லட்சம். நாங்கள் காய் விலையோடு சாக்கு, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து அடக்கவிலை என்று போடுவோமே, அதேதான். பாடக் கட்டணத்தை மட்டும், எட்டு லட்சத்து நாற்பதாயிரம் என்று, பெரிய எழுத்தில் போட்டு மிச்சத்தைச் சின்ன எழுத்தில் போடும் கல்லூரியும் உண்டாம். இவர்கள் பரவாயில்லை.

வேவர்: அவர்கள் நம்மிடம் வாங்காமல் விடுவது. கழிவு.

கிராண்ட்: அவர்கள் தருவது. திருப்பிக் கொடுக்க வேண்டாம். நான் இரண்டு தடவை கேட்டேன், வேண்டாமாம்.

லோன்: தெரிந்ததே. ஆனால் மாரடோரியம் என்று ஒன்று இருக்கிறது. படிப்பு முடிந்து வேலை கிடைக்கும் வரை அசலைக் கேட்க மாட்டார்கள். இதை நான் முப்பது வருஷமாகச் செய்கிறேன். தோப்புக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, காய் வரட்டும் என்று காத்திருப்பேன். இதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

மெரிட் என்றால் தரம் பார்த்துக் கொடுப்பது. நீட் பேஸ்ட் என்றால் வாங்குகிறவர் நிலைமை பார்த்துக் கொடுப்பது. ஊறுகாய் போடும் மகளிர் குழுவுக்கு நான் நாலு ரூபாய் குறைத்து விடுவது இரண்டாவது வகை.

ஃபேமிலி காண்ட்ரிபியூஷன்: நம்ம கைப்பங்கு. இதைப் படிவத்தைப் பார்த்து அவர்களே நிர்ணயிப்பார்கள்.

ஒர்க் ஸ்டடி: படிக்கும்போதே கல்லூரிக்குள் வாரம் எட்டு மணி நேரம் வேலை செய்து சம்பளம் வாங்குவது. இது நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதினாலு வயதில் பாயின் அத்தா கடையில் கோணி ஊசி பிடித்துச் சாக்குத் தைத்தவன் நான். என் மகள் கூலிக்கு நிற்க வேண்டாம்.

தர்சி சிரித்தாள். சின்ன வயதில் இவள் பள்ளிக்கூடத்தில் எண்ணும்போது "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணி, டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டார். மண்டியில் ஒன்று என்று யார் சொல்வார்கள்? முதல் காய் எப்போதும் லாபம்தான். அந்த டீச்சருக்கு ஒரு கிலோ எலுமிச்சை கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

புனேக்கு மதுரையிலிருந்து ரயில். முப்பது மணி நேரத்துக்கு மேல். சும்மா கேட்டு வைத்தேன்.

ஏப்ரல் 8

வந்துவிட்டது.

வேவர் இல்லை. கிராண்ட் இல்லை. மெரிட் என்று அரை லட்சம். கைப்பங்கு பத்தரை லட்சம், வருஷா வருஷம்.

தர்சி இரண்டு தடவை படித்தாள். பிறகு, பரவாயில்லப்பா, திருநெல்வேலியில நல்ல காலேஜ் இருக்கு என்றாள். குரல் சரியாகத்தான் இருந்தது. முகத்தைக் காட்டாமல் போய்த் துணி மடித்தாள். காலையில் மடித்த துணிதான்.

அந்தப் பல்கலைக்கழகத்தாருக்கு வியாபாரம் தெரியவில்லை. நல்ல சரக்கைக் கண்டால் இழுத்துப் பிடிக்க வேண்டாமா? தப்பு அவர்களுடையதுதான்.

சுரண்டை ரோட்டில் ஒரு மனை கிடக்கிறது. விற்றால் ஒன்றரை வருஷப் படிப்புக்கு வரும். மிச்ச இரண்டரை வருஷத்துக்கு என்னிடம் வழியில்லை. முப்பதாம் தேதிக்குள் இடத்தை எடுத்துக்கொள்கிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். சங்கக் கூட்டம்.

எங்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. இன்றைக்கு ஒவ்வொரு கடைக்காரரும் எழுந்து, போன வருஷம் தன் கடையில் எவ்வளவு புரண்டது என்று சபையில் சொல்ல வேண்டும். சங்கத்து நோட்டில் அதை எழுதுவார்கள். பெரிய தொகை யாருடையதோ அவர் கடையில் ஏல மணி ஒரு வருஷம் தொங்கும். தினமும் முதல் ஏலம் அங்கேதான். கேரளா வியாபாரிகள் முதல் ஏலத்துக்குத்தான் முண்டியடிப்பார்கள். யாரும் கணக்குக் காட்டச் சொல்வதில்லை. அது மரியாதை இல்லை.

ஐந்து வருஷமாக மணி என் கடையில். அதற்கு முன்னால் இருபது வருஷம் மைதீன்பிச்சை பாய் கடையில், அவருடைய அத்தா காலத்தையும் சேர்த்து. பாய்தான் இப்போது சங்கத் தலைவர். எனக்கும் அவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. பேச்சுதான் இல்லை.

மூலைக் கடை உலகம்மாக்கா வழக்கம்போல் முதலில் எழுந்து, ரெண்டு கோடியே முப்பது லட்சம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். யாரும் நிமிரவில்லை. அந்த அக்காவுக்கு ஏற்றிச் சொல்லத் தெரியாது. பாய் மூன்று அறுபது என்றார். சபை என்னைப் பார்த்தது. மூணே முக்கால் என்றேன்.

கைதட்டினார்கள். மணி என் கடையிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 16

தர்சி அந்தப் படிவத்தைக் கம்ப்யூட்டரில் தோண்டி எடுத்துவிட்டாள். மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்ததும் போனை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, இதுல நம்ம வருமானம் மூணரைக் கோடின்னு இருக்கு."

"ஆமா. கடையில புரளுதுல்லா?"

"புரளுதது விவசாயி பணம். நமக்கு நூத்துக்கு எட்டு. அதுலயும் கூலி, வாடகை, வராத முன்பணம் எல்லாம் போகும்." போனை இன்னும் என் பக்கம் தள்ளினாள். "மூணரைக் கோடி வருமானம்னா நான் ஏம்ப்பா பன்னிரண்டு வருஷமா கவர்மெண்டு பஸ்ல நின்னுகிட்டே போனேன்?"

ரசம் ஊற்றச் சொன்னேன்.

சாயங்காலம் அவளே கடைக்கு வந்து சீட்டுப் புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். மூன்று மணி நேரத்தில் கூட்டிவிட்டாள். புரண்டது மூன்றரையும் இல்லை, மூன்றே முக்காலும் இல்லை. ஒரு கோடியே தொண்ணூற்றிரண்டு லட்சம். கமிஷன் பதினைந்து லட்சத்துச் சொச்சம். செலவு போக என் கையில் நின்றது ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

எனக்குத் தெரியாததா? எழுதிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 17

பூரணம் காலையில் காபி தரும்போது கேட்டாள். "கணக்கப்பிள்ளை பின்னாலே நின்னாருன்னுதான் கூட்டிச் சொன்னீகளா? இல்ல, புள்ளை அம்புட்டு தூரம் போகாம இருக்கட்டும்னா?"

இது அநியாயமான பேச்சு. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் கேட்கிற கேள்வியா?

ஏப்ரல் 18

ஏலம் சுமார். மழை இல்லை.

ஏப்ரல் 19

நிதி உதவி ஆபீஸுக்குத் தர்சி போன் போட்டாள். எடுத்தவர் ஸ்ரீஜா மேடம். பேச்சில் பாலக்காட்டு வாடை அடித்தது. போனைப் பிடுங்கிக்கொண்டேன். முப்பது வருஷம் கேரளாவுக்குக் காய் ஏற்றியவனுக்குச் சந்தை மலையாளம் போதும்.

அவர்கள் கேட்டது வருமானம், நான் சொன்னது கடையில் புரண்ட தொகை என்று விளக்கினேன். அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேட்டா, எத்ர விற்று என்னல்ல சோதிச்சது. எத்ர கையில் கிட்டி என்னாணு" என்றார். எவ்வளவு விற்றது என்று கேட்கவில்லை, கையில் எவ்வளவு நின்றது என்றுதான் கேட்டோம். நல்ல தராசு மாதிரி நேராகப் பேசுகிற பெண்.

இதற்கு அப்பீல் என்று ஒரு வழி இருக்கிறதாம். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. மண்டியில் மூன்று தரம் சொல்லி ஏலம் விட்ட பிறகு விலையைத் திருப்பினால் அந்த ஆளை மறுநாள் யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் அங்கே அது தப்பில்லையாம். தப்பாக எழுதியதைத் திருத்திக் கேட்பது குடும்பத்தின் உரிமையாம். இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எங்கள் தொழிலில் ஜோடி கிடைக்கவில்லை.

வருமான வரிக் காகிதம் வேண்டும். அது இருக்கிறது, ஆடிட்டர் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார். கூடவே, இது கமிஷன் தொழில்தான், கடையில் புரண்டது இவ்வளவுதான் என்று வியாபாரிகள் சங்கம் சான்று தர வேண்டும். தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். முப்பதாம் தேதிக்குள்.

தலைவர் யார் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 20

பாய் கடைக்குப் போகலாம் என்று கிளம்பினேன். சட்டை மாற்றினேன். போகவில்லை.

ஏப்ரல் 21

போனேன்.

பாய் திண்டில் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இன்னொரு டம்ளர் கொண்டுவரச் சொன்னார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்தக் கடை வாசலை மிதிக்கிறேன். என் கோணி ஊசி செருகியிருந்த தூண் அப்படியே இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கணக்கப்பிள்ளை பின்னால் நின்றதையும் சேர்த்து. பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்வே, அன்னைக்கு நம்ம ஆளு வந்து, கசமுத்து அண்ணாச்சி மூணரைன்னு உரக்கச் சொன்னாருன்னான். அதைக் கேட்டுத்தான் நான் மூணு அறுபதுன்னு ரெடி பண்ணிட்டு வந்தேன். நீரு மூணே முக்காலுக்குப் போயிட்டேரு."

"நிஜம் எவ்வளவு பாய்?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"முதல்ல உம்ம காரியத்தைப் பார்ப்போம்" என்றார். சங்கத்து நோட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு வாரத்துக்கு முன்னால் என் வாயால் சொன்ன மூணே முக்கால் அதில் இருந்தது. நோட்டில் ஒன்று, சான்றில் ஒன்று என்று கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தலைவர் பதவியே சந்தி சிரிக்கும். நோட்டைத் திருத்தினால்தான் சான்று. நோட்டைத் திருத்துவது தலைவர் கையில் இல்லை. சபையில் சொன்னதைச் சபையில்தான் மாற்றிச் சொல்ல வேண்டும், இருபத்திரண்டு கடைக்காரர் முன்னால்.

"வியாழக்கிழமை கூட்டம் போட்டுறட்டுமா? இல்ல, மணி முக்கியம்னா விட்டுருவோம். யாருக்கும் சொல்ல மாட்டேன். அத்தா மேல ஆணை."

உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. கேலி செய்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

மணியைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். அது என் கடைக்கு வந்த அன்று பூரணம் அதற்குக் குங்குமம் வைத்தாள். சாக்குத் தைத்த கடையிலிருந்து கழற்றி என் கடையில் மாட்டினார்கள். ஐந்து வருஷமாக விடிந்ததும் நான்தான் அடிக்கிறேன். அடிக்கும்போது எதிர்க்கடையைப் பார்க்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். பார்ப்பேன்.

போடுங்க கூட்டத்தை என்றேன்.

ஏப்ரல் 24

பதினோரு மணிக்குக் கூட்டம். வெயில் கொளுத்தியது, தகரக் கூரை. அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தர்சியும் வந்து, காய் கொட்டும் மேடை ஓரமாக நின்றாள். வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

எழுந்தேன். நான் கனத்த குரல்காரன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். இன்று அது எங்கே போனதோ. "போன வருஷம் என் கடையில் புரண்டது ஒரு கோடியே தொண்ணூத்திரண்டு லட்சம். அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றேன்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நான் உட்காரவும் இல்லை, நிற்கவும் முடியவில்லை. தர்சியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏலத்தின்போது ஓடி வந்தாளே, அதே முகம்.

பாய் நோட்டில் திருத்தினார். பேனாவை மூடவில்லை. "நோட்டு திறந்துதான் இருக்கு. நம்ம கணக்கையும் ஒரு கோடியே எண்பத்தெட்டுன்னு மாத்திக்கிடுதேன். வேற யாருக்காவது உண்டா?" என்றார்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வடக்குக் கடை ராமையா எழுந்து, "எழுதுறதுதான் எழுதுதீரு, என்னோடதுல பாதியை வெட்டிரும்" என்றார். அதற்கப்புறம் யாரும் அடங்கவில்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போனார்கள். முப்பது வருஷத்தில் இந்த மார்க்கெட்டில் விலை இப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. ஒருவர் அறுபது லட்சத்துக்கு இறங்கிவிட்டு, சும்மா இருங்கப்பா, எனக்கும் பொண்ணு இருக்கா, அந்தப் படிவம் எங்க கிடைக்கும்னு சொல்லுங்க என்றார்.

கடைசியில் பாய், "உலகம்மாக்கா, நீங்க எவ்வளவு குறைக்கணும்?" என்று கேட்டார்.

அக்கா வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "நான் எதுக்குக் குறைக்கணும்? ரெண்டு முப்பதுன்னா ரெண்டு முப்பதுதான். அஞ்சாறு வருஷமா நான்தான் பெரிய தொகை. நீங்க யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார்.

சபை எழுந்து நின்று கைதட்டியது. அக்கா முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். மணியை நானும் பாயும் சேர்ந்து கழற்றிக்கொண்டுபோய் மூலைக் கடையில் மாட்டினோம். ஏணியைப் பாய் பிடித்துக்கொண்டார், நான் ஏறினேன். அந்தக் கடைக்குள் நான் போனதே இல்லை. எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்.

சான்றில் கையெழுத்து விழுந்தது. தர்சி அங்கேயே போனில் படமெடுத்து அனுப்பிவிட்டாள்.

ஒன்று எழுத வேண்டும். பாய் ஒன்று எண்பத்தெட்டு. நான் ஒன்று தொண்ணூற்றிரண்டு. நாலு லட்சம்.

மே 3

இடத்தை எடுத்துக்கொள்ளும் கெடுவை மே பதினைந்து வரை தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்ரீஜா மேடம் வேலை. தினமும் மெயில் பார்க்கிறோம். கிலோ நூற்று அறுபது.

மே 12

அடக்கவிலை பதினோரு லட்சம்.

வேவர் ஆறு லட்சத்து முப்பதாயிரம். கிராண்ட் ஒரு லட்சத்து முப்பதாயிரம். லோன் ஒன்றரை லட்சம், படிக்கிற காலத்து வட்டியைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ளும். ஒர்க் ஸ்டடி நாற்பதாயிரம். கைப்பங்கு ஒன்றரை லட்சம்.

நானே கூட்டினேன். சரியாகப் பதினோரு லட்சம் வருகிறது. தர்சி படித்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் ஒவ்வொரு வரியும் எனக்கே புரிந்தது. பூரணம் மூன்றாவது தடவையாக விளக்கச் சொன்னாள். புரியாமல் இல்லை, கேட்க நன்றாக இருக்கிறது என்றாள்.

பழைய மெரிட் அரை லட்சம் எங்கே என்று ஸ்ரீஜா மேடத்துக்குப் போன் போட்டேன். அது வேவருக்குள் அடங்கிவிட்டதாம். தனியாகவும் தரக் கூடாதா, கொசுறாக இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். அந்தம்மா ரொம்ப நேரம் சிரித்தார். தரவில்லை. கேட்டு வைப்பதில் என்ன குறைந்துவிடும்?

ஒர்க் ஸ்டடியை மட்டும் எடுத்துவிட்டு அந்த நாற்பதாயிரத்தை நானே கட்டுகிறேன் என்றேன். தர்சி சம்மதிக்கவில்லை. "நீங்க சாக்குத் தைச்சதைப் பத்தி எத்தனை தடவை பெருமையாச் சொல்லியிருக்கீங்க? எனக்கும் சொல்லிக்கிட ஏதாவது வேணும்லாப்பா" என்றாள்.

மனை தப்பித்தது. இன்று மார்க்கெட்டில் எல்லாருக்கும் என் செலவில் எலுமிச்சை சர்பத். பாய் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றார்.

ஜூன் 30

தர்சி பெட்டி வாங்கினாள். பெரியது.

ஆகஸ்ட் 2

மதுரையில் ரயில். நானும் பூரணமும் புனே வரை போய் விட்டுவிட்டு வந்தோம். பல்கலைக்கழகத்தில் மரம் நிறைய. எலுமிச்சை மரம் ஒன்றுகூட இல்லை. ஸ்ரீஜா மேடத்தைப் பார்த்து ஒரு பெட்டி காய் கொடுத்தேன். லஞ்சம் வாங்குவதில்லை என்றார். எல்லாம் முடிந்த பிறகு கொடுப்பது லஞ்சம் இல்லை என்றேன். ஆபீஸ் முழுக்கப் பகிர்ந்துகொண்டார்கள்.

திரும்பி வரும்போது பூரணம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நீங்க வேணும்னேதான் அந்தத் தொகையைச் சொன்னீகன்னு நினைச்சேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் என்றாள்.

கொஞ்சம் அதுவும் இருந்தது என்றேன்.

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, மிளகாய்ப் பொடி அதிகம் இருந்த இட்லியை எனக்குக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 19

வீடு பெரிதாகத் தெரிகிறது. கடைக்குச் சீக்கிரமே போய்விடுகிறேன்.

செப்டம்பர் 1

இன்று முதல் ஏலத்துக்கு மூலைக் கடைக்கே போய் நின்றேன். மணி இப்போது அங்கேதான். உலகம்மாக்கா அடித்தால் நல்ல ஓசை. நான் அவசரமாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா மூட்டையை அவிழ்த்து, முதல் காயை எடுத்து, லாபம் என்றார். கேரளாக்காரர்கள் நெருக்கினார்கள். அந்த நேரம் சட்டைப் பையில் போன் துடித்தது.

தர்சிக்கு ஒர்க் ஸ்டடி எங்கே கிடைத்திருக்கிறது தெரியுமா? அதே நிதி உதவி ஆபீஸில். தமிழ்நாட்டிலிருந்து கூப்பிடும் தாய் தகப்பனுக்கு அந்த வார்த்தைகளை எல்லாம் விளக்கிச் சொல்கிற வேலை. போன வாரம் ஒட்டன்சத்திரத்துக் காய்கறிக் கடைக்காரர் ஒருவர் மாரடோரியம் என்றால் என்ன என்று கேட்டாராம். தோப்புக்காரருக்கு முன்பணம் கொடுத்துட்டு மகசூல் வரை பொறுப்பீங்களே அண்ணாச்சி, அதுதான் என்றாளாம். அட, அப்படிச் சொல்லும்மா என்றாராம். வருமானம் எழுதும் இடம் வந்ததும் மட்டும், பின்னால யாராவது நிக்காங்களா என்று முதலில் கேட்டுக்கொள்கிறாளாம்.

இன்று வந்தது அவளுடைய முதல் சம்பளம். பாதி மாதத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கீழே ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள். லாபம்.

பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிப் படித்துவிட்டு, போனை உலகம்மாக்காவிடம் கொடுத்தார். அக்கா ஏலத்தை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். எனக்கு வெயில் கண்ணில் பட்டது.

இனி ரெண்டு, மூணு எல்லாம் அவளே எண்ணிக்கொள்வாள்.